சங்கிலி எட்டும் தூரம்

எதிர்வீட்டு முன்வாசலில் ஓர் அரைவட்டம் இருக்கிறது. சுற்றிலும் அருகம்புல்லும் கோரையும் மண்டிக் கிடக்க, அதற்குள் மட்டும் ஒரு புல் முளைப்பதில்லை. சாணமிட்டு மெழுகிய தரை போல மண் இறுகிக் கிடக்கிறது. காம்பவுண்டுச் சுவரில் அடித்த ஓர் இரும்பு வளையம், வளையத்தில் சங்கிலி, சங்கிலியின் முனையில் வீரா.

திண்டிவனத்தில் புதுச்சேரி சாலையை ஒட்டி, நெல்லும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையும் விளைந்த நிலங்களை மனை போட்டு விற்ற நகர்களில் ஒன்று எங்களுடையது. இரண்டே கால் சென்டில் வீடு, வீட்டுக்கு முன்னால் ஒரு பைக் நிறுத்தும் அளவுக்கு இடம். அந்த இடத்தில்தான் சிப்பிப்பாறை நாய். கூரான முகம், ஒட்டிய வயிறு, செவலை நிறம். விலா எலும்புகளை மாடியிலிருந்தே எண்ணிவிடலாம். தெருவுக்குப் புதிதாக வரும் காய்கறிக்காரர் முதல் மின்கணக்கு எடுப்பவர் வரை எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "இதுக்குச் சோறே போட மாட்டீங்களா?" வீட்டுக்கார அம்மாவும் ஒரே பதிலைச் சொல்கிறார்: "அது ஜாதியே அப்படித்தாங்க."

நான் எதிலும் தலையிடுகிறவன் இல்லை. மாடி வராந்தாவில் உட்கார்ந்து பார்ப்பதோடு சரி.

குட்டியைக் கொண்டுவந்தது அந்த வீட்டுப் பையன். விழுப்புரத்தில் ஒரு நிதி நிறுவனத்தில் வேலை. காலையில் பைக்கில் போனால் இரவு எட்டுக்குத் திரும்புவான். 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாட்டு மாடு, நாட்டுக்கோழி, நாட்டு நாய் என்று ஊரெல்லாம் ஓர் ஆசை பிடித்தது. 2020 ஆகஸ்டில் பிரதமரே வானொலியில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என்று பெயர் சொல்லி, வளர்த்தால் இவற்றை வளருங்கள் என்றார். அதன்பின் கைபேசியில் நாய் வீடியோ பார்க்காத பையன் கிடையாது. இவன் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து, கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் இரவுப் பேருந்தில் கொண்டுவந்து இறக்கினான். குட்டியாக இருந்தவரை தெருவே தூக்கிக் கொஞ்சியது. ஆறு மாதம் ஆனதும் காலில் உயரம் வந்தது. பிறகு சங்கிலி வந்தது.

சிப்பிப்பாறை மோப்பத்தை நம்பி வேட்டையாடும் நாய் அல்ல. கண்ணால் பார்த்து, பார்த்ததைத் துரத்துகிற இனம். தெற்கே கரிசல் காட்டின் வெட்டவெளியில் முயலை விரட்டுவதற்காகத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த உடம்பு அது. ஆழமான நெஞ்சுக்கூடு, மெல்லிய தோல், நீண்ட கால். முயல் வேட்டை இன்று வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், குற்றமாகவே இருக்கட்டும். ஆனால் வேலையைத்தான் சட்டம் நிறுத்தியது, கால்கள் நிற்கவில்லை. நாள் முழுவதும் அந்த அரைவட்டத்துக்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருக்கிறது வீரா. முனைக்கு வந்ததும் சங்கிலி சுண்டி இழுக்கிறது, திரும்புகிறது. மறுபடி முனை, மறுபடி சுண்டல்.

மூன்றடிச் சங்கிலிக்கு முன்பு வேறு ஏற்பாடுகளும் நடந்தன. முதலில் அவிழ்த்து விட்டு கேட்டைச் சாத்தினார்கள். கேட்டுக்கு அடியில் மண்ணைப் பறித்துக்கொண்டு வெளியே வந்தது. செங்கல் அடுக்கினார்கள். தாழ்ப்பாளை மூக்கால் நெம்பிவிடக் கற்றுக்கொண்டது. தாழ்ப்பாளுக்குப் பூட்டு போட்டார்கள். நின்ற இடத்திலிருந்து சுவர் மேல் ஏறிவிட்டது. ஹாலோ பிளாக் கல் இரண்டு வரிசை ஏற்றிக் கட்டினார்கள். அதற்கு ஆன செலவை அந்த அம்மா தெருவில் ஒருவர் விடாமல் சொன்னார். பைக் சீட்டில் ஒரு கால், சுவரில் ஒரு கால் வைத்து அதையும் தாண்டியது. பைக்கை வெளியே நிறுத்தலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. பையன் சங்கிலியை வாங்கிக்கொண்டு வந்தான்.

சங்கிலியில் கட்டிய நாய்க்குப் பாடம் நின்றுவிடுகிறது என்று நினைக்கிறோம். எனக்கென்னவோ அன்றுதான் பள்ளிக்கூடம் மும்முரமாகத் தொடங்கியது என்று தோன்றுகிறது. வீட்டிலுள்ள எல்லோரும் வாத்தியார்கள். ஒருவருக்கும் அது தெரியாது.

ஆயாவை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து மணி வாக்கில் வெற்றிலைப் பையோடு வாசற்படியில் வந்து உட்காருவார். வீரா குரைக்கும். "சும்மாரு... சும்மாருடா..." என்பார். இன்னும் பலமாகக் குரைக்கும். முந்தானையில் முடிந்து வைத்திருக்கும் பொறையை எடுத்து ஒன்று வீசுவார். வாய் மூடும். தின்று முடித்ததும் மறுபடி குரைக்கும், மறுபடி பொறை. "பசி, பாவம்" என்பார் பக்கத்து வீட்டுக்காரியிடம். சில வாரங்களில் ஆயா படியில் காலை வைத்ததுமே குரைப்பு தொடங்கிவிட்டது. குரைத்தால் பொறை வரும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த நாய்க்கும் யாரும் சொல்லிக் கொடுக்க முடியாது.

பையனின் பாடம் இன்னும் சிக்கல். இரவில் வந்து ஹெல்மெட்டைக் கழற்றியதும் வீரா இரண்டு காலில் எழுந்து நெஞ்சில் பாயும். கட்டிப்பிடித்துக் கொஞ்சுவான், கைபேசியில் படம்கூட எடுப்பான். காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு வரும்போதும் அதே பாய்ச்சல். அப்போது மூக்கில் ஓர் அடி விழும். நாய்க்குச் சட்டையின் இஸ்திரி தெரியுமா? சில நேரம் கொஞ்சல், சில நேரம் அடி. எது வரும் என்று தெரியாததால் முன்னைவிட வேகமாகப் பாய்ந்து பார்க்கிறது.

பிறகு அந்தக் கட்டளைகள். ஆடு, மாடு, கோழி, காக்கை எல்லாவற்றிடமும் தமிழ் பேசும் தெரு இது. நாய்க்கு மட்டும் ஆங்கிலம். "சிட், சிட், சிட், டேய் சிட்டுன்னு சொல்றேன்ல, சிட்!" ஐந்தாவதுக்கு உட்காரும். முதல் நான்கும் வெறும் சத்தம், ஐந்தாவதுதான் உத்தரவு என்று அது முடிவு கட்டிவிட்டது. அந்த முடிவில் தப்பு சொல்ல முடியாது.

ஒரு நாள் கேஸ் சிலிண்டர் வந்த நேரம். கேட் திறந்திருந்தது. சிலிண்டர் தரையில் இறங்கிய சத்தத்தில் வீரா துள்ள, சங்கிலியின் கொக்கி வாய் பிளந்துவிட்டது. அன்றுதான் அந்த நாய் உண்மையில் என்ன என்று பார்த்தேன். தெரு முனை வரை நூறு மீட்டர் இருக்கும். உடம்பு வில்லாக வளைந்து பின்கால்கள் முன்கால்களைத் தாண்டி வந்து ஊன்றின. அடுத்த நொடி முழு நீளத்துக்கு விரிந்தது. சுருங்கும்போது ஒரு முறை, விரியும்போது ஒரு முறை, நான்கு கால்களும் தரையில் இல்லை. அடி வைத்த சத்தமே கேட்கவில்லை. பால்காரர் வண்டியோடு ஒதுங்கினார். ஒரு வெள்ளாடு கயிற்றை அறுத்துக்கொண்டது. முனை வீட்டுக் கோழி ஒன்று மட்டும் எந்தப் பக்கம் போவது என்று யோசித்துவிட்டது. அதோடு அதன் கதை முடிந்தது.

பையனுக்குப் போன் பறந்து, அவன் விழுப்புரத்திலிருந்து வந்து சேர ஒரு மணி நேரம். அதுவரை தெருவே துரத்தியது. பிள்ளைகள் கல்லோடும், பெரியவர்கள் துடைப்பத்தோடும், அந்த அம்மா சோற்றுத் தட்டோடும் ஓடினார்கள். இதைவிட நல்ல விளையாட்டு அந்த நாய்க்கு வாழ்நாளில் கிடைத்ததில்லை. கடைசியில் காலி மனையில் நாக்கைத் தொங்கவிட்டு நின்றிருந்ததைப் பையன் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். வாலைத் தாழ்த்தி, காதை மடக்கிக்கொண்டு, தானாக அவனிடம் வந்தது. கழுத்துப் பட்டையைப் பிடித்தான். கழன்ற சங்கிலியாலேயே அடித்தான். "ஓடுவியா? ஓடுவியா?"

ஓடியதற்கு அடி என்பது அவன் கணக்கு. நாயின் கணக்கு அப்படி அல்ல. அடியோ தீனியோ, அது விழுவதற்கு ஓரிரு நொடி முன்பு செய்த காரியத்தோடுதான் நாயின் மனத்தில் முடிச்சு விழும். ஒரு மணி நேரத்துக்கு முன் ஓடியது அங்கே இல்லை. கூப்பிட்ட குரலுக்கு வந்தது இருக்கிறது. வந்ததும் சங்கிலி விழுந்தது இருக்கிறது. அடுத்த முறை தப்பியபோது, கூப்பிட்டதும் பத்தடி தள்ளி வந்து நின்றது. ஓரடி எடுத்து வைத்தால் ஓரடி பின்னால் போனது. "திமிரப் பாத்தியா" என்றார்கள். பாடத்தை ஒரே வகுப்பில் படித்துவிட்ட மாணவனை நாம் திமிர் பிடித்தவன் என்கிறோம்.

கோழிக்காரர் பணம் வாங்கிக்கொண்டதோடு விடவில்லை. போலீசில் எழுதிக் கொடுப்பேன் என்றார். நாய்க்கு ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி அரசு கால்நடை மருத்துவமனையில் போட்ட அட்டை இருக்கிறது என்று பையன் எடுத்துக் காட்டினான். யாரும் யோசிக்காத சட்டம் ஒன்று உண்டு. 1960-ஆம் ஆண்டு பிராணிவதைத் தடுப்புச் சட்டம், 11-ஆம் பிரிவு. கட்டிப் போட்டே வளர்க்கும் நாய்க்கு உரிமையாளர் போதிய அளவு நடையோ ஓட்டமோ கொடுக்காவிட்டால் அது வதை என்று பச்சையாகவே சொல்கிறது. அளவுக்கு மீறிக் குட்டையான சங்கிலியும் கனமான சங்கிலியும்கூட அதே பட்டியலில்தான். இந்தச் சட்டத்துக்கு வித்திட்டவர் நம் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவையில் நியமன உறுப்பினராக இருந்தபோது தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்து போராடினார். 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு முதல் தலைவரும் அவரே. அபராதம்? முதல் முறைக்குப் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை. ஒரு பாக்கெட் பொறை வாங்கலாம்.

சுதந்திர தினத்துக்கு முந்தைய வாரம், விழுப்புரம் சந்திப்பில் இறங்கி நின்றபோது மோப்ப நாயோடு காவலர்கள் சோதனை செய்துகொண்டிருந்தார்கள். சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என ஐந்து பக்கமும் பாதை பிரிகிற ஊர். பிளாட்பாரத்தில் எந்நேரமும் மூட்டையும் பையும் குழந்தையும். அந்த நெரிசலுக்குள் கருப்பு லாப்ரடார் ஒன்று. பெஞ்சுக்கு அடியில், குப்பைத் தொட்டியில், பார்சல் மூட்டைகளின் இடுக்கில் என்று ஒரு வினாடி நிற்காமல் மூக்கை நுழைத்துக்கொண்டே போனது. வடை விழுந்து கிடந்தது, பார்க்கவில்லை. கழுத்தில் கயிறு இருக்கத்தான் செய்தது. கயிறு தொய்ந்தே இருந்தது.

பார்சல் அலுவலகத்துக்குப் பக்கத்தில், பயிற்சிக்காக வைத்த பொருளோ என்னவோ, ஒரு பெட்டியை முகர்ந்துவிட்டு அப்படியே உட்கார்ந்தது. குரைக்கவில்லை, பிராண்டவில்லை. வெடிமருந்து தேடும் நாய்க்கு உட்காரத்தான் பழக்குகிறார்கள். பிராண்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. உட்கார்ந்த அந்த நொடியே காவலரின் சட்டைப் பையிலிருந்து ஒரு ரப்பர் பந்து வந்து விழுந்தது. அவ்வளவு நேர ஒழுங்கும் போய், பந்தைக் கவ்விக்கொண்டு குட்டியாகிக் குதித்தது. சம்பளம் அதுதான். இப்படிப்பட்ட வேலைக்கு நாய் எடுக்கிறவர்கள் சாதுவான குட்டியைத் தேடுவதில்லை. ஒரு பந்துக்காக ஓயாமல் அலைகிற குட்டியைத்தான் பொறுக்குகிறார்கள். வீட்டில் இருந்தால் சோபாவைத் தின்றிருக்கும் பேர்வழி. இங்கே பிளாட்பாரத்தைக் காக்கிறது.

காட்பாடிப் பாதையில் போனால் திருவண்ணாமலை. அதற்கும் மேற்கே, செங்கம் பக்கத்து எடத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடையில் மண்டகப்பட்டுக் குடைவரையை வெட்டுவித்தானே மகேந்திரவர்மன், அவன் காலத்து ஏழாம் நூற்றாண்டுக் கல். எருமைகளைக் காக்கப் போராடி விழுந்த ஒருவனோடு அவன் நாயையும் செதுக்கி, கோவிவன் என்ற அதன் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். கள்ளனைக் கடித்துவிட்டு அங்கேயே காவல் நின்ற நாய். மந்தையோடு நாளெல்லாம் நடந்த நாய் அது. வேலையும் நடையும் கிடைத்த நாய்க்குக் கல்லே வைத்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் வளையம் அடித்து வைத்திருக்கிறார்கள்.

மாற்றம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. தெருக் கடைசியில் ரயில்வேயில் கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்ற தாத்தா ஒருவர் தனியாக இருக்கிறார். வாழ்நாள் முழுக்கத் தண்டவாளத்தில் நடந்த கால். விடியற்காலையில் சும்மா இருக்காது. ஒருநாள் கேட்டருகே நின்று அந்த அம்மாவிடம் கேட்டார்:

"இன்னாம்மா, இத்த நான் கொஞ்சம் இட்டுகினு போயாரட்டுமா?"

"ஐயோ, வேணாம் மாமா. இழுத்துத் தள்ளிடும். நீங்க விழுந்து வச்சா யார் பாக்கறது?"

"பாத்துக்கலாம். இன்னிக்கே இல்ல."

அன்றே கூட்டிப் போகவில்லைதான். அரைவட்டத்துக்கு ஒரு சாண் வெளியே ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்து, மடியில் வைத்திருந்த மல்லாட்டையை உரிக்கத் தொடங்கினார். உப்பில்லாமல் அவித்தது. எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வைத்து மல்லாட்டை ரகங்களுக்கு ஊர்ப் பெயரையே வைத்த ஊரில் அதற்கா பஞ்சம்? வீரா சங்கிலியை முறுக்கிக்கொண்டு குரைத்தது. அவர் வானத்தைப் பார்த்தார். வெகுநேரம் குரைத்தது. மூச்சு வாங்க வாயை மூடிய நொடியில் ஒரு பருப்பு முன்னால் விழுந்தது. மறுபடி குரைப்பு, அவர் மறுபடி வானத்தைப் பார்த்தார். படியிலிருந்த ஆயாவுக்குப் பொறுக்கவில்லை, பொறையை எடுத்தார். "குடுக்காத அக்கா. கத்தறப்போ குடுக்காத. கம்முனு இருக்கறப்போ குடு" என்றார் தாத்தா. பயிற்சி நூல்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை இவர் எங்கே படித்தார் என்று தெரியவில்லை. படித்திருக்க மாட்டார்.

கயிற்றில் கூட்டிக்கொண்டு கிளம்பிய முதல் காலை தெரு முனையைக்கூட எட்டவில்லை. நாய் இழுத்தால் தாத்தா நின்றுவிடுவார். திட்டு இல்லை, சுண்டல் இல்லை, வெறுமனே நிற்பார். கயிறு தொய்ந்தால் நடப்பார். மூன்று வீடு தாண்டுவதற்குள் சூரியன் வந்துவிட்டது. மாடியிலிருந்து பார்த்த எனக்கே கால் கடுத்தது. பால் வாங்க வந்தவர்கள் சிரித்தார்கள். அவருக்கு எங்கும் போக வேண்டிய அவசரம் இல்லை. அதுதான் பாதி வித்தை.

பிறகு கிடங்கல் ஏரிக்கரை வரை போகத் தொடங்கினார்கள். அங்கே தாம்புக் கயிற்றை நீளமாக விட்டு ஓட விடுவார். இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு சீழ்க்கை. வந்தால் கையில் இரண்டு பருப்பு, தலையில் ஒரு தடவல், உடனே "போ" என்று மறுபடி விட்டுவிடுவார். கூப்பிட்டால் விளையாட்டு முடிந்தது, சங்கிலி வந்தது என்று நாய் நினைக்கக் கூடாது, சூட்சுமம் இங்கேதான். பத்தடி தள்ளி நின்ற நாய் எட்டடிக்கு வந்தது, நாலடிக்கு வந்தது. இப்போது சீழ்க்கை பாதியில் இருக்கும்போதே காலடியில் வந்து நிற்கிறது.

கிடங்கல் என்றதும் சிறுபாணாற்றுப்படை நினைவுக்கு வருகிறது. அந்தப் பாட்டின் தலைவன் நல்லியக்கோடன் இந்தக் கிடங்கலுக்குத்தான் கோமான். பாணனின் வறுமையைச் சொல்லவந்த புலவர் நத்தத்தனார், பாழடைந்த அடுக்களையில் ஈன்று கிடக்கும் ஒரு நாயையும், கண் திறக்காத அதன் குட்டிகள் பாலுக்கு முலையை முட்டுவதையும், அது பொறுக்காமல் தாய் குரைப்பதையும் காட்டிவிடுகிறார். குரைப்பது குற்றம் என்று அவருக்குப் படவில்லை. ஏன் குரைக்கிறது என்று உள்ளே போய்ப் பார்த்திருக்கிறார்.

வெயில் ஏறினால் நடை இல்லை. நாய்க்கு மனிதனைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சால்தான் சூட்டைத் தள்ள வேண்டும். சித்திரை வெயிலில் தார் ரோடு அதன் உள்ளங்காலைப் பொசுக்கிவிடும். அதனால் பகலுக்கு வேறு ஏற்பாடு. பழைய அலுமினிய அன்னக்கூடை நிறைய மல்லாட்டைத் தோலைக் கொட்டி, அதற்குள் கைப்பிடிப் பருப்பை ஒளித்துவிட்டுப் போவார். வீரா மூக்கை உள்ளே விட்டு, தும்மி, கிளறி, ஒவ்வொன்றாகத் தேடி எடுக்கும். கண்ணால் வேட்டையாடும் இனமானாலும் மூக்கு என்னவோ நாய் மூக்குதானே. அரைமணி நேரம் தேடியபின் அந்த நாய் பகலில் தூங்கியது. வெறும் ஓட்டத்தில் ஓயாத உடம்பு தேடுவதில் ஓய்ந்தது. ஆயா பயந்துபோய், "இன்னாடா, சீக்கா?" என்று கேட்டார்.

எல்லாம் தீர்ந்தது என்று சொல்ல முடியாது. ஒரு காலையில் கரை மேட்டில் கீரி ஒன்று குறுக்கே போக, கயிறு தாத்தாவின் உள்ளங்கையை உரித்துவிட்டது. அதிலிருந்து துண்டைச் சுற்றிக்கொண்டுதான் பிடிக்கிறார். கோழியைக் கண்டால் வீராவின் கண் இன்னும் மாறுகிறது. அது மாறாது, மாறும் என்று நம்பி அவிழ்த்து விடவும் கூடாது. தாத்தாவுக்கு முட்டி வலி. பையன் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடப் போகிறான். சீழ்க்கை அடிக்க வராததால் "கம், கம், கம்" என்கிறான். வீரா தாத்தாவைப் பார்க்கிறது.

சென்ற வாரம் அவன் கைபேசியில் வெள்ளை வெளேரென்று ஒரு ராஜபாளையம் குட்டியைக் காட்டி, "துணைக்கு இன்னொண்ணு இருந்தா இது அடங்கிடும்மா" என்றான். அந்த அம்மா உலையில் அரிசியைப் போட்டுக்கொண்டே, "வாங்கினு வா. அது உள்ள படுக்கட்டும், நீ அந்த வளையத்துல படு" என்றார்.

குட்டி வாங்க நினைக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முன்பணம் அனுப்புவதற்கு முன், ஒரு மாதம் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, வெறும் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர் ஏரிக்கரை வரை போய் வாருங்கள். மழையிலும், திருவிழாவுக்கு மறுநாளும், உறவினர் வந்திருக்கும் நாளிலும் போக வேண்டும். மாதக் கடைசியிலும் போய்க்கொண்டிருந்தால் வாங்குங்கள்.